சத்தியம் ஒன்றே; காண்பவர் பலர்

1920-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள். அகமதாபாத் நகரில் ஒரு விசாரணைக் குழு கூடியிருந்தது. முந்தைய ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தில்லியிலும் பஞ்சாபிலும் பம்பாய் மாகாணத்திலும் நிகழ்ந்த கலவரங்களை ஆராய்வதற்காக ஹண்டர் பிரபுவின் தலைமையில் ஆங்கிலேய அரசு அமைத்த குழு அது. அன்று சாட்சியம் அளிக்க வந்திருந்தவர் மகாத்மா காந்தி. குழுவின் உறுப்பினரும் பம்பாயின் புகழ்பெற்ற வழக்கறிஞருமான சர் சிமன்லால் சேதல்வாட், சத்தியாகிரகம் என்ற சொல்லின் அடித்தளத்தையே சோதிக்கும் கேள்வி ஒன்றை எழுப்பினார். ஒருவர் எவ்வளவு நேர்மையுடன் உண்மையைத் தேடினாலும் அவர் காணும் உண்மை பிறர் காணும் உண்மையிலிருந்து வேறுபடக்கூடும். அப்படியானால் எது உண்மை என்று தீர்மானிப்பவர் யார் என்று அவர் கேட்டார். தேடுகின்ற அந்த மனிதரே என்று காந்திஜி பதிலளித்தார். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை உண்மை என்று கொண்டால் குழப்பம் அல்லவா விளையும் என்று சேதல்வாட் தொடர்ந்தார்.

வழக்கறிஞர் ஒருவர் சாட்சியை மடக்குவதற்காக மட்டும் கேட்ட கேள்வியாக இதைக் கருதிவிட முடியாது. தத்துவ உலகின் மிகப் பழைய கேள்விகளுள் இதுவும் ஒன்று. உண்மை என்பது காலம், இடம், மனிதர் ஆகியவற்றைக் கடந்து நிற்கும் முழுமையா, அல்லது காண்பவரின் கண்ணுக்கேற்ப மாறும் சார்புப் பொருளா? முழுமை என்றால், நேர்மையாளர்கள் இருவர் ஒன்றுக்கொன்று முரணானவற்றை உண்மை என்று கூறுவது ஏன்? சார்பு என்றால், அதற்காக ஒருவர் சிறை செல்வதற்கும் உயிர் துறப்பதற்கும் என்ன பொருள்?

காந்திஜி அன்று அளித்த விடை அந்த அறையில் அந்த நேரத்தில் தோன்றியதன்று. ஐம்பது ஆண்டு வாழ்க்கையில் விழுந்தும் எழுந்தும் அவர் ஈட்டிய விடை அது. அதன் பொருள் விளங்க வேண்டுமானால் அவர் நடந்து வந்த பாதையை முதலில் காண வேண்டும்.

போர்பந்தர் அளித்த வித்து

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், குஜராத்தின் கடற்கரை நகரான போர்பந்தரில் பிறந்தார். தந்தை கரம்சந்த் காந்தி முதலில் போர்பந்தரிலும் பின்னர் ராஜ்கோட்டிலும் திவானாகப் பணியாற்றியவர். தாய் புத்லிபாய் விரதங்களில் ஊறியவர். அந்த வைணவக் குடும்பத்திற்கு ஜைனத் துறவிகள் வந்து பிட்சை ஏற்பதுண்டு. தந்தையின் நண்பர்களான முஸ்லிம்களும் பார்சிகளும் தங்கள் சமயங்களைப் பற்றி அவரிடம் உரையாடுவார்கள். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த சிறுவன் மோகன்தாஸ் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரே கடவுளைப் பற்றிப் பலர் பலவாறு பேச, தந்தை அனைவர் பேச்சையும் மதிப்புடன் கேட்ட காட்சி அவனுள் ஆழப் பதிந்தது.

அதே பருவத்தில் அவன் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டான். சத்தியத்திற்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த மன்னனின் கதை அவனைப் பற்றிக்கொண்டது. எல்லோரும் அரிச்சந்திரனைப்போல் ஏன் இருக்கக் கூடாது என்ற கேள்வி அவனுக்கு இரவும் பகலும் ஓயவில்லை. ஒருபுறம் பல பார்வைகளுக்கும் இடம் தந்த வீடு. மறுபுறம் எதன் பொருட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒரே சத்தியம். பிற்காலத்தில் அவரது சிந்தனையை இழுத்துக்கொண்டே இருந்த இரு முனைகளும் இளமையிலேயே தோன்றிவிட்டன.

பதினைந்தாம் வயதில் அண்ணனின் கடனைத் தீர்ப்பதற்காக, அந்த அண்ணனின் கையிலிருந்த தங்கக் காப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தான் மோகன்தாஸ். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையை வேண்டி, நோய்ப்படுக்கையில் இருந்த தந்தையிடம் நீட்டினான். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. ஒரு கணம் கண்களை மூடிச் சிந்தித்தார்; பின் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. உண்மையைச் சொல்பவன் துன்பத்தைத் தானே ஏற்க முன்வர வேண்டும் என்பதும், அதைக் கேட்பவரின் உள்ளத்தை அன்பே வெல்லும் என்பதும் அந்த மௌனத்தில் அவனுக்குக் கிடைத்த பாடங்கள்.

விரதத்தின் பொருளை உரைப்பவர் யார்?

1888-ஆம் ஆண்டு சட்டம் பயில இங்கிலாந்து செல்லுமுன், ஜைனத் துறவியான பேசர்ஜி சுவாமியின் முன்னிலையில் அவர் மூன்று விரதங்களை ஏற்றார். மது, மாது, புலால் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்பதே தாய் கேட்ட வாக்குறுதி.

லண்டன் சைவ உணவாளர்களிடையே புலால் என்பதற்கு மூன்று விளக்கங்கள் வழங்கின. பறவை விலங்குகளின் மாமிசம் மட்டுமே புலால் என்பது ஒன்று; அதன்படி மீனும் முட்டையும் விலக்கல்ல. எல்லா உயிர்களின் ஊனும் புலால் என்பது இன்னொன்று. அதன்படி முட்டை உண்ணலாம். முட்டையும் பாலும்கூட விலக்கத்தக்கவை என்பது மூன்றாவது. முட்டை மாமிசம் அன்று என்ற வாதத்தில் மயங்கி இளைஞர் காந்தி சில நாள் முட்டை உண்டார். பிறகு ஒரு கேள்வி அவரை நிறுத்தியது. விரதத்தை வாங்கியவர் தாய் அல்லவா? அவர் மனத்தில் புலால் என்ற சொல் எதைக் குறித்தது? தாயின் கருத்தில் முட்டையும் புலாலே என்பதில் ஐயமில்லை. ஆகவே முட்டையையும், முட்டை கலந்த பண்டங்களையும் விட்டார். சைவ உணவு விடுதிகளிலும் ஒவ்வொரு பண்டத்தையும் விசாரித்தே உண்ண வேண்டிய தொல்லை நேர்ந்தது, ஆயினும் தயங்கவில்லை.

சிறு நிகழ்ச்சிதான். ஆனால் இதில் ஒரு பெரிய நெறி அடங்கியிருக்கிறது. சொல்லுக்குப் பல பொருள்கள் இருக்கலாம். அவற்றுள் தனக்கு வசதியானதைத் தேர்ந்து அதையே உண்மை என்பது தன்னை ஏமாற்றிக்கொள்வதாகும். விரதம் தந்தவர் கொண்ட பொருளையே ஏற்க வேண்டும். இரு பொருளுக்கு இடமிருந்தால் எளியவர் பக்கத்துப் பொருளையே கொள்ள வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பார்வைகள் பல என்பதை ஒப்புக்கொண்ட பிறகும், தன்னலத்தின் பார்வைக்கு மட்டும் அவர் இடம் தரவில்லை.

ராய்சந்த்பாயும் அநேகாந்தமும்

1891-இல் தாயகம் திரும்பியபோது தாயின் மரணச் செய்தி காத்திருந்தது. அதே நாட்களில், பம்பாயில் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தாவின் இல்லத்தில், ராய்சந்த்பாய் என்ற ஜைன ஞானியை அவர் சந்தித்தார். வைர வணிகர், நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் நினைவில் கொள்ளும் சதாவதானி. ஆனால் காந்திஜியை ஈர்த்தது அந்த ஆற்றல் அன்று. பெருந்தொகைக்கான வியாபாரத்தைப் பேசி முடித்த மறுகணமே அவர் கை சமய நூலைத் தேடும். மனம் ஆன்ம விசாரத்தில் மூழ்கும்.

1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்திஜியைப் பிரிட்டோரியாவின் கிறிஸ்தவ நண்பர்கள் அன்போடு தங்கள் சமயத்திற்கு அழைத்தனர். முஸ்லிம் நண்பர்கள் இஸ்லாத்தின் மேன்மையை எடுத்துரைத்தனர். ஒவ்வொருவரும் தம் சமயமே உண்மை என்றனர். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் உண்மையாகவே நம்பினார்கள். அந்தக் குழப்பத்தில் அவர் ராய்சந்த்பாய்க்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார். 1894-இல் வந்த நீண்ட பதில் அவரை அமைதிப்படுத்தியது. பொறுமையுடன் தன் சமயத்தை ஆழ்ந்து கற்கும்படி அது அறிவுறுத்தியது.

ஜைன தத்துவத்தின் உயிர்நாடி அநேகாந்தவாதம். ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணற்ற தன்மைகள் உண்டு. எந்தக் கூற்றும் ஒரு கோணத்திலிருந்தே சொல்லப்படுகிறது. ஆகவே ஒரு வகையில் என்ற அடைமொழி ஒவ்வொரு கூற்றிலும் மறைந்திருக்கிறது. ஜைன ஆசிரியர்கள் இதற்குப் பொற்குடத்தை எடுத்துக்காட்டுவார்கள். பொற்குடம் ஒன்றை உருக்கி மகுடம் செய்கிறார்கள். குடத்தை விரும்பியவர் வருந்துகிறார். மகுடத்தை விரும்பியவர் மகிழ்கிறார். பொன்னையே விரும்பியவருக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. குடம் அழிந்தது என்பதும் உண்மை, மகுடம் தோன்றியது என்பதும் உண்மை, பொன் அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உண்மையே பல என்று அநேகாந்தம் கூறவில்லை. பொருள் ஒன்றே, அதன் முழுமையைக் காணும் கேவல ஞானமும் உண்டு, ஆனால் அந்த நிலையை எட்டாதவர் காண்பது பகுதியே. முழுமை இருப்பதால்தான் பகுதியைப் பகுதி என்று சொல்ல முடிகிறது. சங்கரர் வகுத்த அத்வைதமும் பாரமார்த்திக சத்தியம், வியாவகாரிக சத்தியம் என்று இரு தளங்களை வேறு முறையில் காட்டுகிறது. காந்திஜி தம்மை அத்வைதி என்றே சொல்லிக்கொண்டார். ஆயினும் துவைதத்தையும் ஏற்க முடிந்ததற்கு அநேகாந்தத்தையே காரணமாகக் காட்டினார். 1926-இல் யங் இந்தியா இதழில் எழுதியபோது, யானையைத் தொட்டுப் பார்த்த பார்வையற்றவர்களின் கதையை நினைவூட்டி, ஒரு முஸ்லிமை அவருடைய நிலையிலிருந்தும் ஒரு கிறிஸ்தவரை அவருடைய நிலையிலிருந்தும் மதிப்பிட இந்தக் கொள்கையே தமக்குக் கற்றுத் தந்தது என்ற கருத்தை வெளியிட்டார்.

நீதிமன்றத்தில் ஒரு சோதனை

எல்லாம் பார்வையைப் பொறுத்தது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடவில்லை என்பதற்கு அவரது வழக்கறிஞர் வாழ்க்கையே சான்று. தென்னாப்பிரிக்காவில் ஒரு வழக்கு. சிக்கலான கணக்குகளை ஆராய்ந்த மத்தியஸ்தர்கள் காந்திஜியின் கட்சிக்காரருக்கு முற்றிலும் சாதகமாகத் தீர்ப்பளித்திருந்தனர். ஆனால் பற்றில் எழுத வேண்டிய ஒரு தொகை தவறுதலாக வரவில் எழுதப்பட்டிருந்தது. எதிர்த்தரப்பு அதைக் கவனிக்கவில்லை. தவற்றை நாமே சொல்லிவிட வேண்டும் என்றார் இளைய வழக்கறிஞரான காந்திஜி. அப்படிச் செய்தால் முழுத் தீர்ப்புமே ரத்தாகலாம், அந்த ஆபத்தை ஏற்க இயலாது என்று மூத்த வழக்கறிஞர் மறுத்தார். கட்சிக்காரர் காந்திஜியின் பக்கம் நின்றார்.

நீதிமன்றத்தில் தவற்றைச் சொன்னதும் நீதிபதிகள் இதில் ஏதோ தந்திரம் இருப்பதாகவே முதலில் ஐயுற்றனர். அவர் பொறுமையாக விளக்கிய பின் ஐயம் நீங்கியது. தவறு திருத்தப்பட்டுத் தீர்ப்பு உறுதியாயிற்று. வரவு வரவே, பற்று பற்றே. அதில் கோணங்களுக்கு இடமில்லை. அறியக்கூடிய உண்மையை அறியாததுபோல் இருந்துவிட்டு, பார்வைகள் பல என்று சமாதானம் சொல்வதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை.

மீர் ஆலமின் தடியடி

1906-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், ஜோகன்னஸ்பர்க் நகரின் எம்பயர் நாடக அரங்கில் இந்தியர்கள் திரண்டு, டிரான்ஸ்வால் அரசின் கட்டாயப் பதிவுச் சட்டத்திற்குப் பணிவதில்லை என்று இறைவன் சாட்சியாக உறுதி பூண்டனர். அந்தப் போராட்டத்திற்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது மகன்லால் காந்தி சதாகிரகம் என்ற சொல்லைத் தந்தார். காந்திஜி அதைச் சத்தியாகிரகம் என்று மாற்றினார். சத்தியத்தை உறுதியாகப் பற்றி நிற்பது என்பது பொருள்.

1908 ஜனவரி இறுதியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று காந்திஜி அதைப் புரிந்துகொண்டார். கட்டாயத்திற்குப் பணிவது இழிவு. விரும்பித் தருவது பெருந்தன்மை என்பது அவர் வாதம். ஆனால் பட்டாணியர் பலருக்கு இது விளங்கவில்லை. பத்து விரல் ரேகைகளையும் தருவதில்லை என்று சபதம் செய்யவைத்தவரே இப்போது அவற்றைத் தரச் சொல்கிறார். இது துரோகம் அன்றி வேறென்ன என்று அவர்கள் கருதினர். காந்திஜி விலைபோய்விட்டார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினர்.

பிப்ரவரி 10-ஆம் நாள் காலை. பதிவு அலுவலகத்திற்குச் சென்றுகொண்டிருந்த காந்திஜியை, அவருடைய கட்சிக்காரராகவே இருந்த மீர் ஆலம் என்ற பட்டாணியர் வழிமறித்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். காந்திஜி மறைக்காமல் சொன்னார். மறுகணம் தலையில் தடியடி விழுந்தது. நினைவிழந்து விழுந்தவரை மேலும் அடித்தனர். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். பாதிரியார் ஜோசப் டோக்கின் இல்லத்தில் படுக்க வைக்கப்பட்ட நிலையிலும், பதிவுப் படிவங்களை அங்கேயே வரவழைத்துத் தம் விரல் ரேகைகளைக் கொடுத்தார் காந்திஜி. தம்மை அடித்தவர்கள் தாம் சரியென்று நம்பியதையே செய்தார்கள், ஆகவே அவர்கள்மீது வழக்குத் தொடர விரும்பவில்லை என்றும் அரசுக்குத் தெரிவித்தார். ஆயினும் நகரின் ஐரோப்பியர்கள் வற்புறுத்தியதால் மீர் ஆலமுக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. சட்டத்தை நீக்குவதாக வாக்களிக்கவே இல்லை என்றார் ஸ்மட்ஸ். பட்டாணியர்களின் ஐயம் ஒரு வகையில் மெய்யாயிற்று. ஆகஸ்டு 16-ஆம் நாள் ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுச் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. அந்தக் கூட்டத்தில் மீர் ஆலம் முன்வந்து, காந்திஜியைத் தாக்கியது தவறு என்று ஒப்புக்கொண்டு, தம் பழைய சான்றிதழையும் எரிக்கத் தந்தார். காந்திஜி அவர் கையை மகிழ்ச்சியோடு பற்றிக்கொண்டார்.

இருவரும் தாம் கண்ட உண்மைக்காகவே செயல்பட்டனர். இருவர் பார்வையிலும் குறையும் இருந்தது, மெய்யும் இருந்தது. வேறுபாடு ஒன்றுதான்: ஒருவர் தம் உண்மைக்காகப் பிறரைத் துன்புறுத்தினார், மற்றவர் தம் உண்மைக்காகத் தாமே துன்புற்றார். அடித்த கையைப் பின்னொரு நாள் பற்றிக்கொள்ள முடிந்ததற்கு அந்த வேறுபாடே காரணம்.

ஆட்டுப்பாலும் இமயத் தவறும்

1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் காந்திஜி பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டார். 1918-இல் கடும் வயிற்றுக் கடுப்பால் மரணத்தின் விளிம்புக்குச் சென்றார். பால் இன்றி உடல் தேறாது என்றார் டாக்டர் தலால். விரதம் எடுத்தபோது பசுவின் பாலும் எருமையின் பாலும்தானே மனத்தில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கேட்டார் கஸ்தூர்பா. காந்திஜி இணங்கினார்; பிழைத்தார். ஆனால் அந்த முடிவு வாழ்நாள் முழுவதும் அவரை உறுத்தியது. விரதத்தின் எழுத்தைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவின்றி எழுதினார். லண்டனில் தாயின் மனத்தைக் கொண்டு சொல்லின் பொருளைத் தீர்மானித்தவர், இப்போது தம் வாழ்வாசைக்கு ஏற்பப் பொருள் கண்டுவிட்டதை உணர்ந்தார். உயிர் தப்பியதை அவர் வெற்றியாகக் கொள்ளவில்லை.

அடுத்த சோதனை பொதுவாழ்வில் வந்தது. 1919 ஏப்ரல் 6-ஆம் நாள் ரௌலட் சட்டத்திற்கு எதிராக நாடு முழுவதும் சத்தியாகிரகம் தொடங்கியது. பஞ்சாப் செல்லும் வழியில் காந்திஜி கைது செய்யப்பட்ட செய்தி பரவியதும் அகமதாபாத்திலும் வீரம்காமிலும் வன்முறை வெடித்தது, உயிர்கள் பலியாயின. சட்டத்தை மனமுவந்து மதிக்கப் பழகாத மக்களைச் சட்டமறுப்புக்கு அழைத்தது இமயமலை அளவான தவறு என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஏப்ரல் 18-ஆம் நாள் போராட்டத்தை நிறுத்தி வைத்தார். எள்ளி நகையாடியவர்கள் பலர். அவர் கவலைப்படவில்லை.

அகமதாபாத்தில் அளித்த விடை

இந்தப் பின்னணியோடுதான் அவர் 1920 ஜனவரியில் சேதல்வாட்டின் முன் நின்றார். ஒவ்வொருவரும் தமக்குப் பட்டதையே உண்மை எனக் கொண்டால் குழப்பம் விளையாதா என்ற கேள்விக்கு அவர் தந்த விடையின் சாரம் இதுதான்: அதனாலேயே சத்தியத்துடன் அகிம்சை பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது, அது இல்லையேல் குழப்பமும் அதைவிடக் கேடானதும் விளையும்.

இதன் ஆழம் சிந்திக்கத்தக்கது. முழு உண்மையைக் கண்டுவிட்டதாக நம்புபவர் மாற்றுக் கருத்தாளரைத் தண்டிக்கத் தயங்கமாட்டார். முழு உண்மை என்று ஒன்றே இல்லை என்று நம்புபவர் எதற்காகவும் துன்பம் ஏற்கமாட்டார். காந்திஜி இரண்டையும் மறுத்தார். சத்தியம் ஒன்றே, அது முழுமையானது. ஆகவே அதற்காக எதையும் இழக்கலாம். தாம் கண்டதோ அதன் ஒரு பகுதியே; ஆகவே அதற்காகப் பிறர் எதையும் இழக்கும்படி செய்யக் கூடாது. தாம் தவறியிருந்தால் அந்தத் தவற்றின் விலையைத் தாமே செலுத்த வேண்டும். சார்பு உண்மையோடு முழு உண்மையை நோக்கி நடப்பவருக்கு அகிம்சை ஓர் அலங்காரம் அன்று; தவறு நேர்ந்தால் பிறரைக் காக்கும் அரண்.

இந்த விடைக்குத் தேர்வு இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1922 பிப்ரவரி 4-ஆம் நாள் கோரக்பூர் மாவட்டத்தின் சௌரி சௌராவில், போலீசாரின் துப்பாக்கிச் சூட்டால் கொதித்த கூட்டம் காவல் நிலையத்திற்குத் தீ வைத்தது. 22 போலீசார் மாண்டனர். ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம் அது. பர்தோலியில் தொடங்கவிருந்த சட்டமறுப்பைக் காந்திஜி நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். சிறையிலிருந்த மோதிலால் நேருவும் லாலா லஜபதி ராயும் மனம் கசந்தனர். எங்கோ ஒரு கிராமத்தின் குற்றத்திற்காக நாடு முழுவதையும் நிறுத்துவதா என்ற அவர்கள் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால் இயக்கத்தின் வெற்றிக்காகத் தம் அளவுகோலை மாற்றிக்கொள்ள அவர் உடன்படவில்லை.

சத்தியமே கடவுள்

1925 முதல் நவஜீவன் வார இதழில் தம் வாழ்க்கையைத் தொடராக எழுதியபோது அவர் அதற்குச் சத்திய சோதனை என்றே பெயரிட்டார். முழுமுதல் சத்தியமே கடவுள். அதை அடையும் வரை தாம் அறிந்த சார்பு உண்மையே தமக்குக் கைவிளக்கும் கேடயமும் என்ற கருத்தை அதன் முன்னுரையில் வைத்தார். விஞ்ஞானி தம் சோதனைகளை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் முடிவுகளை இறுதியானவை என்று கூறமாட்டார். தம் நிலையும் அதுவே என்றார்.

1930 ஜூலை 22-ஆம் நாள் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு அவர் எழுதத் தொடங்கிய வாரக் கடிதங்களுள் முதலாவது சத்தியத்தைப் பற்றியது. சத்தியம் என்ற சொல் உள்ளது என்று பொருள்படும் சத் என்பதிலிருந்து பிறந்தது என்பதை அதில் விளக்கினார். ஒருவருக்கு உண்மையாகத் தோன்றுவது மற்றவருக்குப் பொய்யாகத் தோன்றலாம். நேர்மையான முயற்சி இருக்குமிடத்தில் அவை ஒரே மரத்தின் வெவ்வேறு இலைகள் போன்றவை என்பது அக்கடிதத்தின் கருத்து.

1931 டிசம்பர் 8-ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், கடவுளே சத்தியம் என்று கூறிவந்ததை மாற்றிச் சத்தியமே கடவுள் என்று தாம் கூறத் தொடங்கியதன் காரணத்தை விளக்கினார். கடவுளை மறுப்போர் உண்டு. கடவுளின் பெயரால் கொடுமை செய்தோரும் உண்டு. உண்மையை மறுப்பவர் எவரும் இல்லை. அதே உரையில் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். மனச்சாட்சியின் குரல் என்று எவரும் எதையும் சொல்லிவிட முடியாது. விஞ்ஞானச் சோதனை செய்ய முறையான பயிற்சி தேவைப்படுவதுபோல், உள்ளொளியைக் கேட்கவும் சத்தியம், பிரம்மசரியம், அகிம்சை, உடைமையின்மை ஆகிய விரதங்களின் பயிற்சி தேவை.

திருநெல்வேலியில் பேசியது

பயிற்சி பெற்றவரும் தவறக்கூடும். 1934 ஜனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் பூகம்பம் குலைத்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீண்டாமை ஒழிப்புப் பயணமாக அப்போது தமிழகத்தில் இருந்த காந்திஜி, ஜனவரி 24-ஆம் நாள் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்திற்கான தண்டனையே இப்பேரழிவு என்ற பொருளில் பேசினார். ரவீந்திரநாத் தாகூர் அதிர்ந்தார். இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. காந்திஜியின் சொல்லைத் தலைமேல் கொள்ளும் மக்களின் அறிவுத் தெளிவை இது மழுங்கச் செய்துவிடும் என்று வெளிப்படையாகக் கண்டித்தார்.

இங்கே நியாயம் தாகூரின் பக்கமே இருந்தது. பூமியின் அடியில் பாறைத் தகடுகள் ஒன்றையொன்று அழுத்துவதால் இமயத்தின் அடிவாரம் நடுங்குகிறது; இறந்தவர்களில் தீண்டாமையால் நசுக்கப்பட்டோரும் இருந்தனர். அகத்தின் நம்பிக்கை எவ்வளவு தூயதாயினும், புறவுலகின் காரண காரியத்திற்கு அது சாட்சியாகாது. காந்திஜி தம் கருத்தைக் கைவிடவில்லை; அதை நிரூபிக்கத் தம்மால் இயலாது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். ஆனால் தாகூரின் கண்டனத்தைத் தம் ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டு, அதனருகே தம் பதிலையும் வைத்தார். தம்மை மறுக்கும் குரலைத் தம் வாசகர் முன் நிறுத்தியதால், தம் நம்பிக்கையைவிடப் பெரிய ஓர் உண்மைக்கு அவர் வழிவிட்டார்.

நாத்திகரும் ஒரு திருமணமும்

1944-ஆம் ஆண்டின் இறுதியில் சேவாகிராம ஆசிரமத்திற்கு ஆந்திரத்திலிருந்து கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு ராமச்சந்திர ராவ் வந்தார். தாழ்த்தப்பட்டோரிடையே உழைத்தவர், உறுதியான நாத்திகர். கடவுள் நம்பிக்கையே மனிதரைச் சமத்துவத்திலிருந்து விலக்கி வைக்கிறது என்பது அவர் கட்சி. நாள்தோறும் ராமநாமம் ஓதிய காந்திஜி அவரைப் பொறுமையாகக் கேட்டார். அவரது வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தார். தமது ஆத்திகம் சரி, கோராவின் நாத்திகம் தவறு என்று தம்மால் கூற இயலாது. இருவரும் சத்தியத்தைத் தேடுவோர். தவறு என்று தெரியும்போது மாற்றிக்கொள்வோம் என்ற முடிவுக்கு வந்தார்.

கோராவின் மகளுக்கும், தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞருக்கும் சேவாகிராமத்தில் திருமணம் நடத்துவதென்று முடிவாயிற்று. ஆசிரமத் திருமண உறுதிமொழி கடவுளின் பெயரால் கூறப்படுவது. நாத்திகரின் குடும்பம் அதை எப்படிச் சொல்லும்? கடவுள் என்ற சொல் இருந்த இடத்தில் சத்தியம் என்று கூறலாம் எனக் காந்திஜி இசைந்தார். லோசானில் சொன்ன கொள்கை ஒரு குடும்பத்தின் மணவிழாவில் உருப்பெறக் காத்திருந்தது.

1948 ஜனவரி 30-ஆம் நாள் மாலை, தில்லி பிர்லா இல்லத்தின் பிரார்த்தனை மைதானத்திற்கு நடந்து சென்றுகொண்டிருந்த காந்திஜியை ஒருவன் சுட்டுக் கொன்றான். தான் கொண்டதே முழு உண்மை என்ற உறுதியும், அதற்காகப் பிறர் உயிரைப் பறிக்கலாம் என்ற துணிவும் அந்தக் கையில் இருந்தன. இரண்டு மாதங்களுக்குள், மார்ச் மாதத்தில், திட்டமிட்டபடியே சேவாகிராமத்தில் அந்தத் திருமணம் நடந்தது. மணமக்கள் சத்தியத்தின் பெயரால் உறுதி ஏற்றனர்.

சத்தியம் முழுமையானதா, சார்பானதா என்ற கேள்விக்குக் காந்திஜி நூல் எழுதி விடை காணவில்லை. சத்தியம் முழுமையானது என்பதை அவர் தம் உறுதியால் காட்டினார்; தாம் கண்டது சார்பானது என்பதைத் தம் பணிவால் காட்டினார். குடும்பத்திலும் அலுவலகத்திலும் சங்கத்திலும் கருத்து வேறுபாடு எழும் ஒவ்வொரு வேளையிலும் சாதகர் தம்மைக் கேட்டுக்கொள்ளத்தக்க கேள்வி ஒன்று அவர் வாழ்விலிருந்து கிடைக்கிறது. நான் கண்டது ஒருவேளை தவறாக இருந்தால், அதன் துன்பம் யார்மீது விழும்? அது தம்மீது மட்டுமே விழுமாறு நடக்கப் பழகியவர், சத்தியத்தின் ஒரு பகுதியையே கண்டிருந்தாலும் அதன் பாதையில்தான் இருக்கிறார்.